‘அருமண்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது?

கேள்வி இதுதான்: செய்திகளில் ‘அரிய பூமி தாதுக்கள்’, ‘அரிய வகைக் கனிமங்கள்’, ‘அருமண் உலோகங்கள்’ என்று பலவிதமாக எழுதுகிறார்களே, எல்லாம் ஒன்றுதானா? அவை 14-ஆ, 15-ஆ, 17-ஆ? லித்தியம் அதில் சேருமா? ‘அரிய’ என்பது எவ்வளவு உண்மை?

நேரடி விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய வேதியியலில் அருமண் தனிமங்கள் 17. லாந்தனம் (அணு எண் 57) முதல் லுட்டீசியம் (71) வரை 15. அவற்றோடு ஸ்காண்டியம் (21), இட்ரியம் (39). லித்தியம் இந்தக் கூட்டத்தில் இல்லை. கோபால்ட், காலியம், ஜெர்மானியம், டைட்டானியம், தோரியம் ஆகியவையும் இல்லை. ஆனால் இந்த 17 என்ற கணக்கு ஒரே நாளில் வந்ததல்ல. ‘அரு’, ‘மண்’ என்ற இரண்டு பாதிகளும் பிறந்தபோது ஒரு பொருளில் இருந்தன, இன்று வேறு பொருளில் நிற்கின்றன. அது தெரிந்தால்தான் செய்தியில் வரும் எண்களைச் சரியாகப் படிக்க முடியும்.

‘மண்’ணிலிருந்து தொடங்குவோம், பெரும்பாலான குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு வேதியியலில் ‘மண்’ என்பது ஒரு வகைப்பாட்டுப் பெயர். நீரில் கரையாத அல்லது மிகக் குறைவாகவே கரையும், உலையில் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாத, கரியோடு சேர்த்து எரித்தாலும் உலோகம் தராத பொடிக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியே 1789-இல் வெளியிட்ட 33 எளிய பொருள்களின் பட்டியலில் ஐந்து மண்கள் தனி வகுப்பாக இருக்கின்றன: சுண்ணாம்பு, மக்னீசியா, பாரைட்டா, அலுமினா, சிலிக்கா. இவை ஆக்சைடுகளாக இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க அன்று வழி இல்லாததால் தனிமங்களோடு சேர்த்து வைத்தார். 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பு மூலம் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பெற்றபோது அந்தச் சந்தேகம் உறுதியானது. மண் என்றால் ஆக்சைடு. அதற்குள் ஓர் உலோகம் இருக்கிறது.

இந்தப் பழைய பொருள் தமிழ்ப் பாடநூலிலும் அப்படியே வாழ்கிறது. கால்சியம், மக்னீசியம் தொகுதியை ‘காரமண் உலோகங்கள்’ என்கிறோமே, அதில் வரும் மண்ணும் இதே மண்தான். அதனால் ‘அரிய பூமி’ என்பது பிழையான மொழிபெயர்ப்பு. நாம் வாழும் கோளுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பே இல்லை. இயந்திர மொழிபெயர்ப்பில் வரும் ‘அரிதான பூமிக் கூறுகள்’ இன்னும் மோசம்: தனிமம் என்ற நல்ல கலைச்சொல்லும் அதில் கூறாகச் சிதைந்துவிடுகிறது. ‘அருமண்’ என்று முதலில் எழுதியவர் காரமண்ணை நினைவில் வைத்தே எழுதியிருக்க வேண்டும். அது துல்லியமான ஆக்கம்.

இனி ‘அரு’. ஸ்டாக்ஹோம் அருகே ரெசாரோ தீவில் இட்டெர்பி என்ற இடத்தில் ஒரு கல்சுரங்கம் இருந்தது. பீங்கான் செய்வதற்கான ஃபெல்ஸ்பார் அங்கே வெட்டினார்கள். 1787-இல் ராணுவ அதிகாரியான கார்ல் ஆக்சல் அர்ரேனியஸ் அங்கே கனமான ஒரு கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தார். ஃபின்லாந்தைச் சேர்ந்த யோஹான் கடோலின் அதைப் பகுத்து, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவரை அறியாத ஒரு மண் இருப்பதாக 1794-இல் அறிவித்தார். அதுவே இட்ரியா. 1803-இல் சுவீடனின் பாஸ்ட்னாஸ் சுரங்கக் கல்லிலிருந்து இன்னொரு மண் வந்தது. பெர்சீலியசும் ஹிசிங்கரும் ஒரு பக்கம், ஜெர்மனியில் கிளாப்ரோத் மறுபக்கம் என்று தனித்தனியே கண்டார்கள். அதற்குச் சீரியா என்று பெயர். சுண்ணாம்பும் அலுமினாவும் எங்கும் கிடைத்த காலத்தில், சுவீடனில் ஓரிரு சுரங்கங்களில் மட்டுமே கிடைத்த மண்களை ‘அரிய மண்கள்’ என்றது நியாயம்தான். அன்று தெரிந்த அளவுக்கு அவை உண்மையிலேயே அரியவை.

இன்றைய கணக்கு வேறு. புவி மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சீரியம் சுமார் 60 முதல் 65 கிராம்; செம்பும் ஏறத்தாழ அதே அளவுதான். நியோடைமியமும் லாந்தனமும் ஒவ்வொன்றும் ஈயத்தைவிட அதிகம். இயற்கையில் கிடைக்கும் அருமண்களில் மிகக் குறைவானவை என்று சொல்லப்படும் தூலியமும் லுட்டீசியமும்கூட வெள்ளியைவிடப் பல மடங்கு அதிகம். தங்கத்தோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு அளவுக்குப் போகும். உண்மையிலேயே கிடைக்காதது ஒன்று உண்டு: புரோமீத்தியம் (61). அதன் எந்த ஐசோடோப்பும் நிலையானதல்ல. மிக நீண்ட அரைவாழ்வே 18 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. 1945-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் அணு உலைக் கழிவிலிருந்துதான் அதை அடையாளம் கண்டார்கள்.

அப்படியானால் ‘அரு’ தவறா? இங்கே தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. ‘அரிது’ என்பதற்குக் குறைவாகக் கிடைப்பது என்ற பொருளோடு, செய்யக் கடினமானது என்ற பொருளும் உண்டு. செயற்கரிய, சொல்லற்கரிய என்கிறோமே, அந்த அருமை. அருமண்களின் இயல்பை இந்த இரண்டாம் பொருள் மிகச் சரியாகச் சொல்லிவிடுகிறது. இவை எங்கும் பரவிக் கிடக்கின்றன. ஆனால் வெட்டி எடுக்கத் தக்க செறிவில் ஓரிடத்தில் திரண்டிருப்பது குறைவு; திரண்டிருந்தாலும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது பெரும்பாடு.

ஏன் பெரும்பாடு என்றால், லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை ஒவ்வொன்றிலும் கூடும் எலக்ட்ரான் பெரும்பாலும் அணுவின் உட்பகுதியான 4f அடுக்கில் போய் ஒளிந்துகொள்கிறது. வெளியே தெரியும் முகம் மாறுவதில்லை. எல்லாமே பெரும்பாலும் மூன்று நேர்மின்சுமை கொண்ட அயனியாகவே கரைசலில் நிற்கின்றன. மாறுவது அயனியின் அளவு மட்டும்: லாந்தனத்தின் அயனி ஆரம் 103 பிக்கோமீட்டர், லுட்டீசியத்துக்கு 86. பதினான்கு படிகளில் 17 பிக்கோமீட்டர், அதாவது படிக்கு ஒன்றேகால் அளவு. அந்த நூலிழை வேறுபாட்டை வைத்துத்தான் பிரித்தாக வேண்டும். 1911-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சார்லஸ் ஜேம்ஸ் தூய தூலியம் பெறுவதற்கு அதன் புரோமேட் உப்பைச் சுமார் 15,000 முறை மீண்டும் மீண்டும் படிகமாக்கினார். இன்று கரிமக் கரைப்பான் கொண்டு பிரிக்கிறார்கள். அதற்கும் கரைசல்களைக் கலக்கித் தெளியவிடும் நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாக வேண்டும். ஒரு தொட்டியில் நடப்பது மிகச் சிறிய பிரிவு. வரிசை நீள நீளத்தான் தூய்மை ஏறும்.

இந்தக் கடினத்தால்தான் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் ‘ஒரு மண்’ என்று நம்பியது மேலும் மேலும் உடைந்துகொண்டே போனது. சுவீடன் வேதியியலர் மொசாண்டர் 1839-இல் சீரியாவுக்குள் லாந்தனாவைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் டைடைமியம் என்று ஒன்றைப் பிரித்துப் பெயரிட்டார். 1843-இல் இட்ரியாவிலிருந்து எர்பியாவையும் டெர்பியாவையும் எடுத்தார். பின்னால் வந்தவர்கள் கையில் இந்த இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டன: மொசாண்டர் எர்பியா என்று சொன்னது இன்றைய டெர்பியத்தின் மண், அவர் டெர்பியா என்றது இன்றைய எர்பியத்தின் மண். 1840, 1850-களின் பழைய கட்டுரைகளைப் படிப்பவர்கள் இதில் வழுக்கி விழுவது சாதாரணம்.

டைடைமியத்தின் கதை இன்னும் பொருத்தமானது. கிரேக்கத்தில் இரட்டை என்று பொருள்படும் பெயர். 1885-இல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் அதை உடைத்து, பிரசியோடைமியம், நியோடைமியம் என்ற இரண்டு தனிமங்களாகக் காட்டினார். தனிம அட்டவணையிலிருந்து டைடைமியம் போய்விட்டது. ஆனால் கண்ணாடி ஊதும் தொழிலில் சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் கண்ணாடியை இன்றும் டைடைமியம் கண்ணாடி என்றே அழைக்கிறார்கள். காந்த வணிகத்தில் ‘நியோடைமியம்–பிரசியோடைமியம் ஆக்சைடு’ என்று ஒரே சரக்காக, ஒரே விலையில் விற்பதும் கிட்டத்தட்ட அந்தப் பழைய டைடைமியம்தான். காந்தத்துக்கு இரண்டும் சேர்ந்தே பயன்படும்போது காசு செலவழித்து ஏன் பிரிக்க வேண்டும்?

எண்ணிக்கை நிலைத்தது எப்போது? மெண்டலீவின் அட்டவணையில் இவற்றுக்குச் சரியான இடமே கிடைக்கவில்லை. எத்தனை இருக்கின்றன என்று சொல்லும் விதியும் இல்லை. புதிதாகக் கண்டதாக வந்த அறிவிப்புகளில் பல வெறும் கலவைகளாக முடிந்தன. ஆங்கில இயற்பியலர் மோஸ்லி 1913, 1914-இல் எக்ஸ் கதிர் அலைநீளத்திலிருந்து அணு எண்ணை அளந்தபோதுதான் கதவு அடைபட்டது: லாந்தனம் 57, டாண்டலம் 73, இடையில் இத்தனை இடங்கள்தான், அதற்கு மேல் இல்லை. 61 காலி என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்கு முன்பு இந்தப் பெயரின் எல்லை தளர்வாக இருந்தது. தோரியா, சிர்கோனியா ஆகியவற்றையும் அரிய மண்களோடு சேர்த்துப் பேசினார்கள். அதற்குத் தொழில் காரணமும் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டில் நினைவிருக்கும். ஆவர் கண்டுபிடித்த அதில் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு. இரண்டுக்கும் மூலம் ஒரே கனிமம், மோனசைட். தோரியம் பின்னர் ஆக்டினைடு வரிசைக்குப் போனது. சிர்கோனியம் டைட்டானியத்தின் தொகுதியில் நிற்கிறது. ஆகவே 1900-ஐ ஒட்டிய ஒரு நூலில் ‘அரிய மண்கள்’ என்று பார்த்தால் இன்றைய 17-ஐ அதன்மேல் ஏற்றிப் படிக்கக் கூடாது.

லாந்தனைடு என்ற சொல் 1925-இல் கோல்ட்ஷ்மிட் தந்தது. அருமண்ணுக்கும் லாந்தனைடுக்கும் உள்ள வேறுபாடு எளிது: முன்னதில் 17, பின்னதில் 15. ஸ்காண்டியமும் இட்ரியமும் அருமண்கள், ஆனால் லாந்தனைடுகள் அல்ல. 14 என்ற எண், லாந்தனத்தை விட்டுவிட்டு எண்ணுவோரிடமிருந்து வருகிறது. சொல்லின் நேர்ப்பொருள் ‘லாந்தனம் போன்றவை’ என்பதால் லாந்தனமே அதில் எப்படி வரும் என்பது அவர்கள் வாதம். பன்னாட்டுப் பெயரிடல் அமைப்பான ஐயுபிஏசி, 2005-ஆம் ஆண்டு விதிநூலில், வழக்கை மதித்து லாந்தனத்தையும் உள்ளே வைத்தது. ‘லாந்தனாய்டு’ என்ற வடிவத்தையே பரிந்துரைத்தது. குளோரைடு, ஆக்சைடு என்று ‘ஐடு’ ஈறு எதிர்மின் அயனிக்கு உரியது. லாந்தனைடு என்றால் லாந்தனத்தின் எதிர்மின் அயனி என்று தோன்றும் என்பது காரணம். தமிழில் இரண்டு வடிவமும் வழங்குகின்றன. தேர்வு எழுதும் மாணவர்கள் பாடநூலில் உள்ளதைப் பின்பற்றலாம். இரண்டும் ஒரே 15-ஐத்தான் குறிக்கும்.

‘இலகு அருமண்’, ‘கன அருமண்’ என்ற பிரிவில் கவனம் தேவை. இதன் வேர் எடையில் இல்லை, கரைதிறனில் இருக்கிறது. அருமண் சல்ஃபேட் கரைசலில் சோடியம் சல்ஃபேட்டைச் சேர்த்தால் லாந்தனம், சீரியம், நியோடைமியம் போன்றவை இரட்டை உப்பாகக் கீழே படியும். இட்ரியம், எர்பியம் போன்றவை பெரும்பாலும் கரைசலிலேயே நிற்கும். முன்னதைச் சீரியக் கூட்டம், பின்னதை இட்ரியக் கூட்டம் என்றார்கள். இன்று அதே கோட்டை இலகு, கன என்கிறோம். அதனால்தான் அணு எடை 89 மட்டுமே உள்ள இட்ரியம் ‘கன’ பக்கம் நிற்கிறது: அதன் அயனி ஆரம் 90 பிக்கோமீட்டர், ஹோல்மியத்துக்கும் அதே 90. கனிமத்திலும் கரைசலிலும் அது ஹோல்மியத்தின் தோழன். ஸ்காண்டியத்தின் ஆரமோ 75-க்கும் கீழே. அதனால் அது மற்ற அருமண்களோடு ஒரே தாதுவில் அதிகம் சேர்வதில்லை. இலகு, கன எதிலும் அதை வைப்பதில்லை. சில வணிக அறிக்கைகளில் 16 என்றோ 15 என்றோ எண்ணிக்கை வந்தால், ஸ்காண்டியத்தையோ புரோமீத்தியத்தையோ விட்டிருக்கிறார்கள் என்று பொருள். இன்னொன்று: கோட்டை எல்லோரும் ஒரே இடத்தில் போடுவதில்லை. சிலருக்கு இலகு யூரோப்பியத்தோடு முடியும், சிலருக்குக் கடோலினியத்தோடு. இரண்டு அறிக்கைகளின் ‘கன அருமண்’ அளவை ஒப்பிடுமுன் கடோலினியம் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

சொல்லின் பழைய பொருள் பணக்கணக்கில் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் ஒன்று உண்டு. சுரங்கத்தின் இருப்பு, ஆண்டு உற்பத்தி எல்லாவற்றையும் உலோகமாகச் சொல்வதில்லை. ஆக்சைடாகவே சொல்கிறார்கள், அதாவது மண்ணாகவே. ‘1,000 டன் அருமண்’ என்று செய்தியில் வந்தால் பெரும்பாலும் அது ஆக்சைடு. உலோகமாக மாற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண் உண்டு: நியோடைமியம் ஆக்சைடுக்கு 0.857, டிஸ்ப்ரோசியம் ஆக்சைடுக்கு 0.871, சீரியம் டையாக்சைடுக்கு 0.814, பிரசியோடைமியத்தின் வணிக ஆக்சைடுக்கு 0.828, இட்ரியம் ஆக்சைடுக்கு 0.787. ஒரு டன் நியோடைமியம் ஆக்சைடில் 857 கிலோ உலோகம் இருக்கிறது. மீதி 143 கிலோ ஆக்சிஜன். உலோக விலையையும் ஆக்சைடு விலையையும் நேராக ஒப்பிட்டு ‘இவ்வளவு லாபமா’ என்று வியக்கும் கட்டுரைகள் இந்தப் பெருக்கெண்ணை மறந்தவை; உருகிய ஃப்ளோரைடில் 1,000 டிகிரிக்கு மேல் நடத்தும் மின்னாற்பகுப்பின் செலவையும் மறந்தவை.

‘அருமண் காந்தம்’ என்ற பெயரும் இதே வகையில் ஏமாற்றும். நியோடைமியம் காந்தத்தின் வாய்பாட்டில் இரண்டு நியோடைமியம், 14 இரும்பு, ஒரு போரான். எடைக்கணக்கில் நியோடைமியம் 27 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் விற்கும் காந்தங்களில் அருமண்கள் மொத்தம் 30 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி இரும்புதான்.

இதை வைத்து மோனசைட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்தியக் கடற்கரை மோனசைட்டில் அருமண் ஆக்சைடுகள் 55 முதல் 60 சதவீதம், தோரியம் ஆக்சைடு சுமார் 9 சதவீதம். அந்த ஆக்சைடுகளில் ஏறத்தாழ பாதி சீரியம். நியோடைமியமும் பிரசியோடைமியமும் சேர்ந்து நான்கில் ஒரு பங்கு அளவு. எனவே ஒரு டன் மோனசைட்டில் 550 கிலோ அருமண் ஆக்சைடு, அதில் காந்தத்துக்கானது 130 கிலோவை ஒட்டி, உலோகமாக்கினால் 110 கிலோ. எந்தப் படியிலும் இழப்பே இல்லை என்று வைத்தாலும் 370 கிலோ காந்தத்துக்குத்தான் போதும். டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற கன அருமண்கள் மோனசைட்டில் மிகக் குறைவு. ‘நம்மிடம் அருமண் ஏராளம்’ என்பது சீரியத்துக்கும் லாந்தனத்துக்கும் உண்மை; சூடேறினாலும் வலுக்குன்றாத மோட்டார் காந்தத்துக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியத்துக்கு உண்மையல்ல. 17 பேரை ஒரே பெயரில் அடைத்ததால் வரும் மயக்கம் இது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே தனியே ஒரு தெளிவு வேண்டும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், மணவாளக்குறிச்சிப் பகுதியிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அன்று தேடியது மேண்டிலுக்கான தோரியத்தை. அந்தக் கடற்கரை மணலை நாம் ‘தாது மணல்’ என்கிறோம். அதில் பெரும்பகுதி இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல், சிலிமனைட். இல்மனைட் இரும்பு–டைட்டானியம் ஆக்சைடு. மணலைச் சிவப்பாக்கும் கார்னெட் ஒரு சிலிக்கேட். இவை அருமண் தாதுக்கள் அல்ல. அருமண்களைத் தாங்கி நிற்பது மோனசைட், அது மணலில் சிறுபங்கு. மணலும் மண்ணும் ஒலியில் நெருங்கியிருப்பதால் தாது மணல் முழுவதும் அருமண் என்று எழுதிவிடுகிறார்கள். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. கார்னெட்டைப் பற்றிய செய்தியையும் மோனசைட்டைப் பற்றிய செய்தியையும் ஒன்றாகக் குழைத்தால் சட்டமும் புரியாது, வேதியியலும் புரியாது.

அடுத்த குழப்பம் ‘முக்கியக் கனிமங்கள்’ என்ற பட்டியல். இந்திய அரசு 2023-இல் வெளியிட்ட பட்டியலில் 30 பெயர்கள் உள்ளன. அருமண் தனிமங்கள் அனைத்தும் சேர்ந்து அதில் ஒரே ஒரு வரி. லித்தியம், கோபால்ட், காலியம், ஜெர்மானியம், கிராஃபைட் எல்லாம் தனித்தனி வரிகள். முக்கியக் கனிமம் என்பது பொருளாதாரத்தின் வகை, பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். அருமண் என்பது வேதியியலின் வகை, அது அப்படி நாட்டுக்கு நாடு மாறாது. 2023 ஆகஸ்டில் சீனா காலியத்துக்கும் ஜெர்மானியத்துக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோதே ‘அருமண் தடை’ என்று தலைப்பிட்டவர்கள் உண்டு. அவை இரண்டும் அருமண் அல்ல. 2025 ஏப்ரலில் வந்ததுதான் அருமண் கட்டுப்பாடு: சமாரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் ஆகிய ஏழு. அந்தப் பட்டியலில் நியோடைமியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘அருமண்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் செய்தி இந்தத் தகவலை விழுங்கிவிடும்.

எழுதுவோருக்கு என் பரிந்துரை: தனிமத்தைச் சொல்லும்போது ‘அருமண் தனிமம்’ அல்லது ‘அருமண் உலோகம்’, வணிக அளவைச் சொல்லும்போது ‘அருமண் ஆக்சைடு’, தோண்டி எடுப்பதைச் சொல்லும்போது ‘அருமண் தாது’, கூடவே மோனசைட், பாஸ்ட்னசைட் என்று கனிமத்தின் பெயர். மண் என்றாலே ஆக்சைடுதானே, ‘அருமண் ஆக்சைடு’ கூறியது கூறல் அல்லவா என்று கேட்டால், வரலாற்றின்படி ஆம். ஆனால் இன்று அருமண் என்ற சொல் தனிமத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது. எண்ணோடு எழுதும்போது ஆக்சைடா உலோகமா என்று சொல்லாமல் விட்டால் மேலே தந்த ஆக்சைடுகளில் 13 முதல் 21 சதவீதம் வரை பிழை வரும். முடிந்த இடத்திலெல்லாம் கூட்டுப் பெயரை விட்டுவிட்டு எந்தத் தனிமம் என்றே எழுதுங்கள்.